வெள்ளத்துக்குப் பை தயார்... திருடனுக்கும் தயாரா?

மேட்டூர் அணை நிரம்பினால் டெல்டாவில் மகிழ்ச்சி. எங்கள் குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆற்றோரத் தெருக்களிலோ வயிற்றில் புளி கரையும்! 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் உபரி நீர் திறந்தபோது காவிரி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கட்டிய துணியோடு முகாமுக்குப் போனவர்கள் உண்டு.

அதன்பின் நானும் ஓர் அவசரப் பை தயார் செய்தேன். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பாஸ் புத்தகம், இரண்டு பவுன் சங்கிலி, ரொக்கம், மாத்திரை, டார்ச் எல்லாம் அதில். மறந்துவிடுமே என்று ஏ.டி.எம். ரகசிய எண்ணைக் கார்டு உறையிலேயே எழுதி வைத்தேன். பெருமை தாங்காமல் குழாயடியில், "பீரோவுக்குப் பக்கத்துலயே மாட்டி வெச்சிருக்கேனுங்க" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு நாள், முன்பின் தெரியாத துணி வியாபாரி வாசலில் நின்று, "வெள்ளப் பை வெச்சிருக்கறது உங்க வீடுதானுங்களா அக்கா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது!

"ஏம்மிணி, ஆத்துக்குப் பயந்து எல்லாத்தையும் ஒண்ணா மூட்டை கட்டி, திருடனுக்கு வழி சொல்லிப்போட்டயே!" என்றார் மாமியார்.

அன்றே பையைப் பிரித்தேன். பத்திரமும் நகையும் வங்கி லாக்கருக்குப் போயின. பையில் இப்போது நகல்கள் மட்டுமே, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையில். ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரியும் பிரதி ஆதார் இணையதளத்திலேயே கிடைக்கிறது. பல இடங்களுக்கு அதுவே போதும். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத பிரதியையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்களானால் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். ரகசிய எண் மனதில் மட்டும் இருக்கட்டும்.

"நிவாரணப் பணம் வந்திருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் பேச்சே வேண்டாம், வைத்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குச் சொல்லுங்கள். வெள்ள உதவிக்கு மாவட்ட எண் 1077.

அதற்காக யாருக்குமே தெரியாமல் ஒளித்து வைப்பதும் தப்பு. நாம் ஊரில் இல்லாதபோது வெள்ளம் வந்தால்? கணவருக்கும் வளர்ந்த மகளுக்கும் பை இருக்குமிடம் தெரியட்டும். பக்கத்து வீட்டுக்கு, "எங்க வீட்ல நடக்க முடியாத பாட்டி இருக்காங்க" என்பது தெரிய வேண்டும்; பவுன் கணக்கு தெரிய வேண்டாம்.

தண்ணீர் திடீரென்று ஏறினால் பையைத் தேடி நிற்காதீர்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பின் சான்றிதழ் இழந்தவர்களுக்கு அரசு முகாம் வைத்தே நகல் தந்தது. காகிதம் திரும்பக் கிடைக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் மேட்டுக்குப் போங்கள்!