ஒரே திரையில் பல சாயல்கள்

லினக்ஸ் இயங்குதளத்தைக் கையாளுவோர் பலரும் கண்டதொரு காட்சி உண்டு. ஒரு செயலியின் சாளரம் கருநிறமாயிருக்க, அதன் அருகிலேயே திறக்கப்பெற்ற மற்றொன்று வெண்ணிறமாய்க் கண்ணைக் கூசச்செய்யும். ஒன்றன் எழுத்துப் பெரிது. மற்றதன் எழுத்துச் சிறிது. பொத்தான்களும் வடிவத்தால் வேறுபடும். இவ்வேற்றுமை எதனால் எழுந்தது, இதனை நீக்கும் வகை யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி மாத்திரமே. சாளரங்களையும் பொத்தான்களையும் வரைவது அதன் தொழிலன்று. அதற்கெனக் கருவித்தொகுதிகள் தனியே உள. அவற்றுள் தலையாயவை கியூட், ஜி.டி.கே. என்னும் இரண்டு. 1996இல் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிக் என்பார், நார்வே நாட்டு நிறுவனமொன்று ஆக்கிய கியூட்டைக்கொண்டு கே.டி.இ. என்னும் பணித்திரையைத் தொடங்கினார். கியூட்டின் உரிமம் அந்நாளில் கட்டற்ற மென்பொருளுக்கு ஒவ்வாததாயிருந்தமையின், 1997இல் மெக்ஸிகோ தேசத்து மிகேல் டி இகாசாவும் பெடரிகோ மேனாவும் க்னோம் என்னும் வேறொன்றைத் தொடங்கினர். ‘கிம்ப்’ என்னும் படம் திருத்தும் செயலிக்காக முன்னரே ஆக்கப்பட்டிருந்த ஜி.டி.கே. அதற்கு அடிப்படையாயிற்று. 2000இல் கியூட் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வந்தது. பிணக்கின் காரணம் நீங்கிற்று. ஆயினும் இரண்டும் அதற்குள் வேரூன்றிவிட்டன.

இவற்றை ஒன்றுபோலத் தோற்றுவிக்க 2002இல் ரெட் ஹாட் நிறுவனம் ‘புளூகர்வ்’ என்னும் ஒரே தீமை இரண்டிற்கும் அமைத்தது. இக்காலத்தே கே.டி.இ.யின் ‘பிரீஸ்’ தீம், ஜி.டி.கே. செயலிகளுக்கும் கிடைக்கின்றது. க்னோம் திரையில் கியூட் செயலிகளின் சாயலையும் எழுத்துருவையும் மாற்றுதற்குச் சிறு கருவிகள் உள. பிளாட்பேக் முறையில் நிறுவிய செயலி தனக்கென ஓர் அறையுள் இயங்குவதாகலின், தீமை அதற்கெனத் தனியே நிறுவுதல் வேண்டும்.

எனினும் மறுதரப்பார் கூற்றும் கேட்கத்தக்கதே. 2019இல் க்னோம் செயலி ஆசிரியர் சிலர், தங்கள் செயலிகளின்மேல் பிறர் தீமைப் பூசலாகாது என வெளிப்படையாய் வேண்டினர். சோதியாத தீமினால் எழுத்து மறைந்துபோயின், பழி ஆசிரியர்க்கே வந்து சேர்கின்றது. 2021இன் இறுதியில் முதற்பதிப்பாய் வெளிவந்த ‘லிப்அத்வைத்தா’, புறத்தீம்களுக்கு எளிதில் இடந்தருவதில்லை.

இவ்விரு தரப்பிற்கும் ஒத்த வழி ஒன்று தோன்றியுள்ளது. பயனர் ‘இருள் வேண்டும்’ என ஒருமுறை குறித்துவைப்பின், பொதுவானதொரு வாயில்வழியே செயலிகள் அவ்விருப்பத்தை அறிந்து, தத்தம் முறையிலேயே அதனை நிறைவேற்றும். பொத்தானின் வளைவு வேறுபடுதலால் எவர்க்கும் கேடில்லை. ஆனால் பார்வை குன்றியவர் பெரிதாக்கிய எழுத்தையும் தணித்த ஒளியையும் ஒரு செயலி புறக்கணிப்பின், அவர்க்கு அது பயன்படாதொழியும். ஆதலின், கண்ணுக்கு இன்றியமையாதவற்றில் ஒருமையும், ஏனையவற்றில் உரிமையும் நிலவுதலே தக்கதென்க.