சூடு மாற்றும் கரி

பென்சிலால் தாளில் தடித்த கோடொன்று கீறுங்கள். ஒரே இடத்தில் பலதரம் உரசி, மினுக்கம் ஏறியதும், மல்ரிமீற்றரின் முனைகளை இரு அந்தத்திலும் வையுங்கள். றிச்மண்ட் ஹில்லில் எங்கள் சமையலறை மேசையில் பிள்ளைகளோடு செய்தபோது, திரை சில ஆயிரம் ஓம் காட்டியது. மின் ஓடுகிறது! பாபிக்கியூவுக்கு வாங்கிய கரித்துண்டில் வைத்தோம், ஒன்றும் இல்லை. இரண்டும் காபன்தான். பென்சில் காரீயம் பூமிக்கு அடியில் நன்றாக வெந்தது, கரி அரைச்சூட்டோடு நின்றுவிட்டது.

காரீயம் தாள் தாளாக அடுக்கிய காபன். அதில் ஒற்றைத் தாள்தான், ஓர் அணுத் தடிப்பில், கிராபீன். 2004இல் அதைப் பிரித்தெடுத்துக் காட்டுவதற்கு வெகுமுன்னரே, ரொறன்ரோவில் பிறந்த பிலிப் வாலஸ் 1947இல் அதன் மின்னியல்பைக் கணக்கிட்டுவிட்டார். அணு உலைக் காரீயத்தை விளங்கிக்கொள்ளத் தொடங்கிய கணக்கு அது. இலத்திரன்கள் நிறைந்திருக்கும் பட்டையும் அவை ஓடித்திரியும் பட்டையும் ஒரு புள்ளியில் முட்டிக்கொள்கின்றன என்பது விடை. நடுவில் இடைவெளி இல்லை. ஆகவே மின்னோட்டத்தை முற்றாக நிறுத்தவும் முடியாது. அணைக்க முடியாத ஆளியை வைத்துக் கணினிச் சில்லு செய்வது எப்படி?

வழி சூளையில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் நயாகரா. அதன் அமெரிக்கக் கரையில், அருவி தந்த மின்சாரத்தில், எட்வர்ட் அச்செசன் சிலிக்கன் காபைட்டைப் பெருமளவில் தயாரித்தார். அது அளவுமீறிச் சூடேறினால் சிலிக்கன் ஆவியாகிப் போய்க் காரீயம் மிஞ்சுவதைக் கண்டு, 1896இல் காப்புரிமையும் பெற்றார்.

இன்று அதே வேலையை மிகப் பொறுமையாகச் செய்கிறார்கள். சிலிக்கன் காபைட்டுப் பளிங்கை ஆகன் வாயுவில், 1600 பாகை செல்சியசை ஒட்டிச் சூடாக்கி, சிலிக்கனை மெல்ல மெல்ல வெளியேற விடுகிறார்கள். மேலே படரும் முதல் காபன் தாள், கீழேயுள்ள பளிங்கை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியில், முட்டியிருந்த பட்டைகள் விலகி, 0.6 இலத்திரன் வோல்ற்று இடைவெளி விழுகிறது. கிராபீன் குறைகடத்தியாகிவிட்டது. ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தின் வோல்ற்றர் டி ஹீயரும் சீனாவின் தியன்ஜின் பல்கலைக்கழகத்தினரும் 2024 ஜனவரியில் இதைச் செப்பமாகச் செய்து வெளியிட்டார்கள். சிலிக்கனைவிடப் பத்து மடங்கு எளிதாக அதில் இலத்திரன்கள் ஓடின.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் மறுபக்கம். பளிங்கைப் பற்றிய அந்தத் தாளை ஐதரசனில் மறுபடி சூடாக்கினால், ஐதரசன் அடியில் புகுந்து பிடியை விடுவிக்கிறது. இடைவெளி மூடிக்கொள்ள, வாலஸ் கணக்கிட்ட அதே கிராபீன் திரும்பி வந்துவிடுகிறது.