கைமாறி வந்த சவரக்கத்தி



தாங்கள் அன்போடு அனுப்பும் துணிமணி, பாத்திரங்களுக்கு நடுவே சில வேளைகளில் மடக்குச் சவரக்கத்தி ஒன்றும் மலையேறி வந்துவிடுகிறது. "தாத்தா வைத்திருந்தது, நல்ல எஃகு, எறிய மனம் வரவில்லை" என்று துண்டுச்சீட்டும் கூட இருக்கும். அப்படிக் கைமாறிய கத்தியைக் கெடுக்காமல் கிருமி நீக்குவது எப்படி என்று கேட்டு எழுதியவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

சவரம் செய்கையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. அலகில் ஒட்டிய துளி இரத்தம் காய்ந்தாலும், ஹெபடைடிஸ் பி வைரஸ் அதில் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஈரலைக் கெடுக்கும் இந்த வைரஸ் 1960-களில்தான் அறியப்பட்டது. ஆகவே 1929-இல் மரிக்கும்வரை கொல்லிமலையில் பணிசெய்த ஜெசி பிராண்ட் இதன் பெயரைக்கூடக் கேட்டிருக்க முடியாது. இதற்கான தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்குக் கிடைக்கத் தொடங்கியது 2011-12 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்கு இன்றும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கத்தியைக் கெடுப்பவை பெரும்பாலும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவையே. முதலாவது, நெருப்பில் வாட்டுவது. எஃகின் பதம் சுமார் 200 டிகிரி சூட்டில் ஏற்றப்பட்டது. காகிதம்போல் மெல்லிய முனையோ விளக்குச் சுடரில் சில நொடிகளில் அதைத் தாண்டி நீலம் பாய்ந்துவிடும். பிறகு எந்தச் சாணையும் அதற்குக் கூர்மை தராது. பிளீச்சிங் பவுடர் கரைசல் வைரஸைக் கொல்லும், ஆனால் முனையையும் அரித்துவிடும். வெந்நீரில் கொதிக்கவைத்தால் கொம்புப் பிடி வளையும், மரப்பிடி வெடிக்கும், எஃகு துருவேறும். (இம்மலை உயரத்தில் தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பது வேறு.) டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்தால் மனம் ஆறுமே தவிர, இவ்வேலைக்கு அது போதாது.

ஆகவே செய்யவேண்டியது இதுதான். துரு நீக்குதல், சாணை பிடித்தல் எல்லாம் முதலில் முடியட்டும். கிருமி நீக்குதல் கடைசியில். ரப்பர் கையுறை அணிந்து, சோப்பு கலந்த பச்சைத் தண்ணீரில், பழைய பல்துலக்கும் பிரஷால், முதுகுப் பக்கமிருந்து முனையை நோக்கித் தேய்க்கவும். வெந்நீர் கூடாது, இரத்தம் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அலகும் பிடியும் சேரும் ஆணியடியில்தான் அழுக்கு தங்குகிறது. சோப்பில் நனைத்த திரியை அங்கே நுழைத்து இழுக்கவும். அழுக்குப் போகாத இடத்தில் எந்த மருந்தும் வேலை செய்யாது.

நன்றாகத் துடைத்தபின், அலகை மட்டும் 70 சதவீத ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் மூழ்கவைக்கவும். முழுச் செறிவுள்ள ஸ்பிரிட்தான் மேல் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறானது. கிருமியின் புரதத்தைச் சிதைக்க அதற்குச் சிறிது தண்ணீர் வேண்டும். 95 சதவீதமுள்ளது கிடைத்தால், மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஆறிய வெந்நீர் சேர்க்கவும். அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். கொம்பு, செலுலாய்டு பிடிகளை ஸ்பிரிட்டில் ஊறவிடாமல், நனைத்த துணியால் துடைத்தால் போதும். உடனே உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவி வைக்கவும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். கூடவே வந்த தோல்வாரைக் கழித்துவிடவும். பழைய அழுக்கை உறிஞ்சிய தோலைச் சுத்தம் செய்ய வழியில்லை.

தனுர்வாதக் கிருமியின் வித்துக்களை ஸ்பிரிட் கொல்லாது. ஆகையால் துருப் பள்ளம் விழுந்த கத்தி சவரத்துக்கு உதவாது. தொப்புள்கொடி அறுக்க எந்தச் சவரக்கத்தியும், எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும், கூடாது. பச்சிளங்குழந்தை தனுர்வாதம் இந்தியாவில் ஒழிக்கப்பட்டதாக 2015-இல் உறுதிசெய்யப்பட்டது. சுத்தமான பிரசவமும் தாய்மாருக்குப் போட்ட தடுப்பூசியும் அதற்குக் காரணம்.

இப்படிச் சுத்தம் செய்த கத்தியும் ஒருவர் முகத்துக்கு மட்டுமே. பலருக்குச் சவரம் செய்வோருக்கும், வரிசையாக மொட்டை போடும் இடங்களுக்கும், ஆளுக்கொரு புதுப் பிளேடு மாட்டும் கத்தியே ஏற்றது. கழற்றிய பிளேடுகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவைக்கட்டும். குப்பை பொறுக்கும் பிள்ளைகளின் விரல் படாது.