கேமரா போகுமிடமெல்லாம் பாலிசி போகுமா?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு அலமாரியில் இருக்கும் கேமரா ஒரு வருஷத்தில் எங்கெல்லாம் போய்வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தை பிறந்ததும் கூந்தன்குளம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளுக்காக விடியுமுன்பே குளக்கரைச் சேற்றில் காத்திருக்கிறது. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். ரத வீதிகளில் தோளோடு தோள் உரசும் கூட்டம். ஆடி அமாவாசைக்குக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். மழைக்காலத்தில் மணிமுத்தாறு அருவிச் சாரல். இடையிடையே பாபநாசம், அங்கே பையைத் திறந்த மறுகணம் கை நீட்டும் குரங்குகள். மிச்ச நாளெல்லாம் அலமாரி.

இந்தக் கேமராவுக்கு இன்சூரன்ஸ் எடுக்க நினைப்பவர் முதலில் கேட்பது, “வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?” என்பதைத்தான். அதைக் கடைசியில் கேளுங்கள். எங்கே, எதனால், எவ்வளவு என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் அந்த பிரீமியம் கட்டத் தகுந்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

எங்கே?

இன்சூரன்ஸுக்கு இரண்டு பூர்வீகம் உண்டு. ஒன்று கடல். இன்று கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தம் 1347-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் எழுதப்பட்டது. கப்பல் பயணத்துக்கான பாதுகாப்பு அது. சரக்கு கிடங்கில் கிடக்கும்போது இருக்கும் பயம் வேறு, கடலில் போகும்போது இருக்கும் பயம் வேறு என்பது கொற்கையும் தூத்துக்குடியும் இருக்கும் கரைக்காரர்களான நமக்குப் புதிதல்ல.

இன்னொரு பூர்வீகம் நெருப்பு. 1666-ல் லண்டன் நகரத்தின் பெரும்பகுதி எரிந்து போனது. அதற்குப் பிறகுதான் வீடுகளுக்கான தீக் காப்பீடு அங்கே தோன்றியது.

கடல் வழி வந்த பாலிசி பொருளோடு கூடவே பயணப்படும். தீ வழி வந்த பாலிசி வீட்டு வாசலோடு நின்றுவிடும். கேமரா வாங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இதுதான். அமெரிக்காவில் கேமரா, நகை, இசைக்கருவி போன்ற நடமாடும் பொருள்களுக்கான காப்பீட்டை இன்றைக்கும் ‘இன்லேண்ட் மரைன்’, அதாவது ‘தரைக்குள் கடல்’ என்ற வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் வாசலோடு நிற்கும் வகைக்கு நல்ல உதாரணம் ‘பாரத் கிரக ரக்ஷா’. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரியான அடிப்படை விதிகளோடு விற்கும் வீட்டுப் பாலிசி இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலநடுக்கம் எல்லாம் இதில் அடக்கம். கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களும் தாமாகவே சேர்ந்துவிடும். வாடகை வீட்டுக்காரர் சாமான்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இதன் அருமை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நமக்குத் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறி நெல்லை ஜங்ஷன் பகுதியிலும் கரையோரத் தெருக்களிலும் புகுந்தது. கேமராவை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தவருக்கு அன்று வீட்டுப் பாலிசிதான் கைகொடுத்திருக்கும்.

ஆனால் அதே கேமரா கூந்தன்குளத்தில் தண்ணீரில் விழுந்தால் இந்தப் பாலிசியில் பேச்சே இல்லை. வீட்டுக்குள் திருட்டுப் போனால்கூடக் கவனம் வேண்டும். வெள்ளம், தீ போன்ற ஒரு நிகழ்வு நடந்து, அதன் விளைவாக ஏழு நாளைக்குள் நடந்த திருட்டை மட்டுமே அடிப்படைப் பாலிசி ஏற்கும். பூட்டை உடைத்துத் திருடுவதற்கான பாதுகாப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கூடவே பயணப்படும் வகைக்கு ‘ஆல் ரிஸ்க்’ என்று பெயர். சில நிறுவனங்கள் இதைத் தனிப் பாலிசியாகவும், சில வீட்டுப் பாலிசியோடு சேரும் ஒரு பிரிவாகவும், சில ‘போர்ட்டபிள் எக்யூப்மென்ட்’ என்ற பெயரிலும் தருகின்றன. கைதவறி விழுவது, வழியில் களவு போவது போன்றவை இதில்தான் வரும். இதிலும் எல்லை உண்டு. இந்தியா முழுவதுமா, வெளிநாட்டிலும் செல்லுமா, பூட்டிய காரில் வைத்துவிட்டு அருவிக்குப் போனால் செல்லுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆளில்லாத வண்டியிலிருந்து களவு போனால் கிடையாது என்றோ, டிக்கியில் வைத்துப் பூட்டியிருந்தால் மட்டுமே உண்டு என்றோ பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும்.

எதனால்?

‘ஆல் ரிஸ்க்’ என்ற பெயரைப் பார்த்து எல்லா ஆபத்தும் அடங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. விலக்கப்பட்டவை என்று பாலிசியில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பதுதான் நமக்குரியது. ஆகவே முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுவே.

திடீரென்று வெளியிலிருந்து வரும் சேதத்துக்குத்தான் இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும். மெல்ல மெல்ல உள்ளிருந்தே வருவதற்கு ஏற்காது. ஆற்றுப்பாசனமும் குளங்களும் உள்ள நம் பகுதியில் இதற்கு முதல் உதாரணம் லென்ஸில் பிடிக்கும் பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் கண்ணாடியின் மேல்பூச்சில் அது வேர்விடத் தொடங்கும். லென்ஸே பாழானாலும் அதற்குக் கிளெய்ம் கிடைக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பதுதான் அதற்கு மருந்து. ஷட்டர் தேய்வது, மின்பலகை தானாகப் பழுதாவது, கீறல் விழுவது இவையும் பெரும்பாலும் விலக்குதான். தயாரிப்புக் குறைக்கு வாரன்டி இருக்கிறது. கடையில் கூடுதல் காசு கட்டி நீட்டித்த வாரன்டியும் அதே வேலையைத்தான் செய்யும். குரங்கு இழுத்துப் பாறையில் போட்ட கேமராவுக்கு அது உதவாது.

களவு வேறு, தொலைவது வேறு. தேர்க்கூட்டத்தில் பையை அறுத்து லென்ஸை எடுத்துப் போனால் அது களவு. எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை என்றால் அதைக் ‘காரணம் தெரியாத இழப்பு’ என்று பல பாலிசிகள் ஒதுக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. ஆர்வத்துக்காகப் படம் எடுப்பவரிடம் சொந்தக்காரர்கள், “நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு நீயே எடுத்துருப்பா” என்பார்கள். கையில் ஒரு கவரும் கொடுப்பார்கள். அன்றைக்குக் கேமரா உடைந்தால், அது பொழுதுபோக்கா, தொழிலா என்ற கேள்வி எழும். தொழில் பயன்பாட்டை விலக்கிய பாலிசியில் பணம் கிடைக்காமல் போகலாம். இன்சூரன்ஸ் முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். எப்போதாவது காசுக்கு எடுப்பதுண்டு என்றால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கேமராவுக்கான பாதுகாப்பு நிற்கும்.

எவ்வளவு?

பிரீமியத்தைக் குறைக்கப் பொருளின் மதிப்பைக் குறைத்துச் சொல்வது பலரும் செய்யும் தவறு. ஒரு லென்ஸின் மதிப்பு 1,20,000 ரூபாய். காப்பீடு எடுத்தது 80,000-க்கு என்று வைத்துக்கொள்வோம். கீழே விழுந்து பழுதுபார்க்க 30,000 ஆகிறது. 80,000-க்குள்தானே, முழுதும் கிடைக்கும் என்று எண்ணுவோம். கிடைக்காது. மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள். எனவே சேதத்திலும் மூன்றில் இரண்டு பங்கு, 20,000 மட்டுமே. முதல் 5,000 உங்கள் பொறுப்பு என்று பாலிசியில் இருந்தால் கைக்கு வருவது 15,000. பாரத் கிரக ரக்ஷாவில் இந்தக் குறைக்காப்பீட்டுக் கழிவு கிடையாது. மற்ற பாலிசிகளில் உண்டா என்று கேளுங்கள். பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, புதிய விலையைத் தருவார்களா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கேமரா பாடி, ஒவ்வொரு லென்ஸ், ஃபிளாஷ், டிரைபாட் எல்லாவற்றையும் சீரியல் எண்ணோடு தனித்தனியாகப் பட்டியலில் ஏற்றுங்கள். துபாயிலிருந்து மச்சான் வாங்கி வந்த லென்ஸ் என்றால் அவரிடமிருந்து பில்லை இப்போதே வாங்கி வையுங்கள். பில் இல்லாத பொருள் உங்களுடையது என்று நிரூபிப்பது கடினம். பல கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தம் சீரியல் எண்ணைப் பதிந்து வைக்கின்றன. பெட்டி தொலைந்துபோனால்கூடப் பழைய படமே சாட்சி சொல்லும்.

இழப்பு நேர்ந்தால்

தண்ணீரில் நனைந்த கேமராவை ஓடுகிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், நனைந்த நிலையிலேயே படம் எடுங்கள், நிறுவனத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை எதையும் தூக்கிப் போட வேண்டாம். களவு என்றால் முதலில் காவல் நிலையம். புகாரைப் பெற்றதற்கு அங்கே தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல், எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லுங்கள், நிறுவனம் பெரும்பாலும் கேட்பது அதைத்தான்.

தகவல் சொல்லத் தாமதமாகிவிட்டதா? ஒரு லாரித் திருட்டு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம், தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தும் அது மறுத்தாலோ ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

எல்லோருக்கும் இன்சூரன்ஸ் வேண்டுமா? வேண்டியதில்லை. உடைந்தால் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கிவிடக்கூடிய கேமராவுக்கு பிரீமியம் கட்டுவதைவிட அந்தப் பணத்தைத் தனியே சேர்த்து வைக்கலாம். ஆண்டுக்கணக்கில் சீட்டுப் போட்டு வாங்கிய டெலி லென்ஸ் என்றால் கதை வேறு. எவ்வளவு பெரிய பாலிசி எடுத்தாலும் எடுத்த படங்களுக்கு யாரும் இழப்பீடு தர முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். நகல் ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள். இடப்பக்கம் கருவிகளின் பெயர், சீரியல் எண், விலை. வலப்பக்கம் அவை போகும் இடங்கள்: வீடு, கூந்தன்குளம், ரத வீதி, சொரிமுத்து அய்யனார் கோயில், மணிமுத்தாறு, அக்கா வீட்டுக் கல்யாணம். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அந்தத் தாளை விரித்து வைத்து, ஒவ்வோர் இடத்தின் மேலும் விரலை வைத்து, “இங்கே செல்லுமா?” என்று கேளுங்கள். அதிக இடங்களில் செல்லும் என்று எழுதித் தருகிற பாலிசிதான் உங்களுக்கானது. பிரீமியம் எவ்வளவு என்று இப்போது கேட்கலாம்.