417 நாள் பிந்தி வந்த ஒளி!

திருநெல்வேலியிலிருந்து பெங்களூருக்கு ஒரே நேரத்தில் இரண்டு லாரிகள் புறப்படுகின்றன. ஒன்று நேர் வழியில் வருகிறது. மற்றொன்று சுற்று வழியில் வருகிறது. இரண்டும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. எங்கும் நிற்கவில்லை. சுற்று வழி லாரி 3 மணி நேரம் பிந்தி வந்து சேருகிறது.

கையில் வரைபடம் இருக்கிறது. ஆனால் ஓர் அங்குலத்துக்கு எத்தனை கிலோ மீட்டர் என்று அதில் குறிக்கவில்லை. ஊர்களின் தூரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். சுற்று வழி 150 கி.மீ. அதிகம் என்பது தெரிந்து விட்டது. வரைபடத்தில் அந்த வித்தியாசம் எத்தனை அங்குலம் என்று பார்த்தால் போதும். மற்ற தூரங்கள் எல்லாம் கிடைத்து விடும்.

பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதையும் விஞ்ஞானிகள் இதே கணக்கால் அளக்கிறார்கள். அங்கே லாரிக்குப் பதில் ஒளி. புறப்படும் இடம், குவாசர்!

குவாசர் என்றால் என்ன?

பார்வைக்கு அது நட்சத்திரம் போன்ற ஒரு புள்ளி. ஆனால் அது 200 கோடி ஒளி ஆண்டுகளுக்கும் அப்பால் இருக்கக்கூடும் என்பதை 1963-ல் அமெரிக்காவில் மார்ட்டன் ஷ்மிட் கண்டறிந்தார். தொலைதூர நட்சத்திர மண்டலத்தின் நடுவே உள்ள ராட்சதக் கருந்துளையில் வாயு சுழன்று விழும்போது உண்டாகும் வெளிச்சம்தான் அது. இந்த வெளிச்சம் கூடும், குறையும்.

வழியில் வேறொரு நட்சத்திர மண்டலம் குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு சக்தி ஒளியை வளைக்கும். அப்போது ஒரே குவாசர் இரண்டாகவோ நான்காகவோ தெரியும். ஒவ்வொரு பிம்பத்தின் ஒளியும் வெவ்வேறு பாதையில் வருவதால், ஒன்று முந்தும்; மற்றது பிந்தும். இத்தகைய தாமதத்தைக் கொண்டு பிரபஞ்சத்தை அளக்கலாம் என்று 1964-ல் நார்வே விஞ்ஞானி ஷூர் ரெஃப்ஸ்டால் சொன்னார். அப்போது அப்படி ஒரு பிம்பத்தைக்கூட யாரும் கண்டதில்லை.

15 ஆண்டுகள் கழித்து, 1979-ல் வால்ஷ், கார்ஸ்வெல், வெய்மன் ஆகிய மூவர் முதல் இரட்டைக் குவாசரைக் கண்டுபிடித்தனர்.

415-ஆ, 536-ஆ?

தாமதம் எத்தனை நாள்? இங்கேதான் தகராறு வந்தது. சுமார் 415 நாள் என்றனர் ஒரு சாரார். 536 நாள் என்றனர் மற்றொரு சாரார். ஆண்டுக் கணக்கில் வாதம் நடந்தது.

1994 டிசம்பரில் முதல் பிம்பத்தின் வெளிச்சம் சட்டென்று குறைந்தது. முதல் சாரார் சொல்வது சரியானால் இரண்டாவது பிம்பம் 1996 பிப்ரவரியில் மங்க வேண்டும். மற்றவர்கள் சொல்வது சரியானால் ஜூன் வரை காத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியிலேயே மங்கியது! தாமதம் 417 நாள் என்று முடிவாயிற்று. பூமி பிறக்கும் முன்பே புறப்பட்டு, சுமார் 900 கோடி ஆண்டுகள் ஓடி வந்த ஒளியில், 417 நாள் வித்தியாசத்தை மனிதன் அளந்து விட்டான்.

பெங்களூரின் பங்கு

இந்த வேலையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லடாக்கில் ஹான்லே என்ற இடத்தில், 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் டெலஸ்கோப் இருக்கிறது. பெங்களூரை அடுத்த ஹொசக்கோட்டையிலிருந்து செயற்கைக்கோள் மூலம் அதை இயக்குகிறார்கள். மற்ற நாட்டு டெலஸ்கோப்புகளுடன் சேர்ந்து அது பல இரவுகள் கவனித்த ஒரு குவாசரின் தாமதம் 111 நாள்.

அந்தக் குவாசர் உட்பட ஆறு குவாசர்களை வைத்து ஒரு சர்வதேசக் குழு 2019-ல் கணக்கை வெளியிட்டது. 32.6 லட்சம் ஒளி ஆண்டு தூரத்துக்கு, வினாடிக்கு 73 கி.மீ. வீதம் பிரபஞ்சம் விரிகிறது என்பது அதன் முடிவு.

ஆனால் ஐரோப்பாவின் பிளாங்க் செயற்கைக்கோள், பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை ஆராய்ந்து தந்த கணக்கு 67 கி.மீ.தான்!

ஆறு கி.மீ.தானே என்று விட்டு விட முடியாது. 67 என்றால் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. மற்ற கணக்குகளை மாற்றாமல் 73 என்று வைத்தால், வயதில் சுமார் 100 கோடி ஆண்டு குறைந்து விடும். இரண்டு அளவுகளும் சரியானால், நாம் அறியாத ஏதோ ஒன்று இயற்கையில் இருக்க வேண்டும்.

ஒருவேளை வரைபடமே தவறோ? குறுக்கே நிற்கும் மண்டலத்தில் எடை எப்படிப் பரவியிருக்கிறது என்பதில் ஊகம் உண்டு. 2020-ல் அந்த ஊகத்தைத் தளர்த்திக் கணக்கிட்டபோது, 67, 73 இரண்டுக்குமே இடம் இருந்தது. ஆகவே வரைபடத்தைத் திருத்தும் வேலை நடக்கிறது.

இரண்டு பிம்பங்களையும் இரவு தோறும் பார்த்து வருகிறார்கள். முதலாவது மங்கினால் தேதியைக் குறித்துக்கொண்டு, இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான்.