உயர்த்திய வண்டிக்கு ஏற்ற சக்கரம்

தமிழில் 'கால்' என்னும் சொல் உடலுறுப்பை மட்டுமன்றிச் சக்கரத்தையும் குறிக்கும். தேர் எத்துணைப் பெரிதாயினும் கடலிற் செல்லாது, கப்பலும் தரையிற் செல்லாது என்பதை வள்ளுவர் இடனறிதல் அதிகாரத்தில் எடுத்துக் காட்டுகிறார். மெல்லிய மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வலியறிதல் அதிகாரத்தின் செய்தி. இடமறிதல், வலியறிதல் என்னும் இவ்விரண்டும் அரசியலுக்குச் சொல்லப்பட்டவை. ஆயினும், காட்டு வழியிற் செல்வதற்காக மோட்டார் வண்டியை உயர்த்திப் பெரிய சக்கரம் பூட்ட விரும்புவோர்க்கும் இவையே முதற்பாடங்கள் ஆகும்.

சிங்கப்பூருக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு பழமையானது. சிராங்கூன் சாலை வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வாணிகத்துக்குப் பெயர் பெற்றிருந்தது. எருமைக் கொட்டில் எனப் பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் பெயரே அதற்குச் சான்று. மாட்டு வண்டிகளில் தண்ணீர் கொண்டு செல்லப்பட்டமையால் நகரின் மற்றொரு பகுதி கிரேத்தா ஆயர் எனப் பெயர் பெற்றது. 1877ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நடத்திய ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைப் பரப்பினார். அவர் பொறுப்பேற்ற அதே 1888ஆம் ஆண்டில்தான் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அந்த டயருக்கு வேண்டிய பாலை மலாயாவின் கித்தாத் தோட்டங்களில் வெட்டிக் கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஆகவே டயரின் இயல்பை அறிதல் தமிழர்க்குப் புறம்பான செய்தி அன்று.

பெரிய சக்கரத்தால் வரும் நன்மை

பழைய மாட்டு வண்டியின் சக்கரம் ஆளின் மார்பளவு உயரமாக இருந்தது ஏன்? பெரிய சக்கரம் தடையை எளிதில் ஏறும் என்பதே காரணம். ஒரு சக்கரத்தின்மீது 100 கிலோ பளு இருப்பதாகவும், எதிரே 10 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடப்பதாகவும் கொள்க. சக்கரத்தின் விட்டம் 693 மி.மீ. ஆயின், அச்சைப் பிடித்து முன்னோக்கி இழுத்து ஏற்றுவதற்கு ஏறத்தாழ 99 கிலோ இழுவிசை வேண்டும். விட்டம் 733 மி.மீ. ஆயின் 94 கிலோ போதும். 1,400 மி.மீ. விட்டமுள்ள மரச்சக்கரத்துக்கோ 60 கிலோவே போதும். குண்டும் குழியுமான செம்மண் சடக்கில் உயர்ந்த சக்கரத்தின் அருமை இக்கணக்கால் விளங்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. முன்னச்சும் பின்னச்சும் ஒரே தண்டாக அமைந்த வண்டிகளில், சுருள்வில்லை மாற்றி உடலை 50 மி.மீ. உயர்த்தினாலும் அச்சின் நடுவே தொங்கும் பற்சக்கரக் குடம் ஓர் இம்மியும் உயராது. வில்லுக்கு மேலுள்ளதே உயரும். கீழுள்ளது சக்கரத்தைப் பொறுத்தே நிற்கும். வழியில் உள்ள கட்டையிலோ கல்லிலோ முதலில் மோதுவது பெரும்பாலும் அக்குடமே. அதை உயர்த்தப் பெரிய சக்கரம் ஒன்றே வழி. உடலை உயர்த்துவது அப்பெரிய சக்கரம் சேற்றுக்காப்பில் உரசாமல் சுழல இடம் தருவதற்கே எனலாம். இவ்விரண்டு செயல்களின் பயனையும் ஒன்றாகக் கொண்டு மயங்குதல் கூடாது.

டயரின் எழுத்தைப் படித்தல்

டயரின் பக்கத்தில் 195/80ஆர்15 என்பது போன்ற குறி பொறிக்கப்பட்டிருக்கும். 195 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே குறியில் மெட்ரிக் அளவும் ஆங்கில அளவும் கலந்து நிற்பது விந்தையே. எனினும் கணக்கு எளிது.

சிங்கப்பூர்ச் சாலைகளிற் காணப்படும் சுசுகி ஜிம்னி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 2018இல் வெளிவந்த அதன் நான்காம் தலைமுறைக்கு ஆலையிற் பூட்டும் டயர் 195/80ஆர்15. 195இல் நூற்றுக்கு 80 பங்கு 156 மி.மீ. மேலும் கீழும் இரு சுவர்கள் உண்டாதலால் 312 மி.மீ. 15 அங்குல ரிம் 381 மி.மீ. மொத்த விட்டம் 693 மி.மீ. இம்முறையே கணக்கிட்டால், 215/75ஆர்15 டயரின் விட்டம் 703.5 மி.மீ. ஆகும், 235/75ஆர்15 டயரின் விட்டம் 733.5 மி.மீ. ஆகும். 31 அங்குலம் என்று விட்டத்தையே பெயராகக் கொண்ட டயர் 787 மி.மீ. இருக்கும்.

விட்டம் கூடுவதில் பாதியே தரையிலிருந்து அச்சின் உயரமாகக் கிட்டும். 235/75ஆர்15 பூட்டினால் உயர்வது 40 மி.மீ. அன்று, 20 மி.மீ. மட்டுமே.

அந்த 20 மில்லிமீட்டரின் விலை

முதலாவது, வேகமானி பொய் சொல்லும். அது சக்கரம் சுழலும் எண்ணிக்கையைக் கொண்டே வேகத்தைக் காட்டுகிறது. முன்பு சரியாகக் காட்டியதாகக் கொண்டால், 235/75ஆர்15 பூட்டிய பின் 90 கிலோமீட்டர் எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 95 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 31 அங்குல டயராயின் அது 102ஐத் தாண்டும். ஓட்டுநர் அறியாமலே சட்டத்தை மீறுவார்.

இரண்டாவது, இழுவை குறையும். பொறி தரும் முறுக்குவிசை அதுவே. நெம்புகோலின் கை மட்டும் நீண்டுவிட்டது. எனவே 235/75ஆர்15 டயரில் தரையைத் தள்ளும் விசை நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு குறைகிறது.

மூன்றாவது, யாவற்றினும் முதன்மையானது, பிரேக். பிரேக்கும் அதே நெம்புகோலின் மறுமுனையில் உள்ளது. மிதியை அதே அளவு அழுத்தினால் கிட்டும் தடுப்பு விசையும் ஐந்தரைப் பங்கு குறையும். கனத்த சக்கரத்தின் சுழற்சியை அடக்குவதற்கும் அந்தப் பிரேக்கே உழைக்க வேண்டும். சாலையைக் கடக்கும் குழந்தைக்கு முன் வண்டி நிற்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது.

நான்காவது, கவிழும் அச்சம். இரு பக்கச் சக்கரங்களின் இடைவெளியிற் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் வண்டியின் நிலைப்பு எண் கிடைக்கும். ஜிம்னியின் சக்கர இடைவெளி ஏறத்தாழ 1,400 மி.மீ. ஈர்ப்பு மையம் 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கணக்கிற்குக் கொண்டால் நிலைப்பு எண் 1.00. அது 760 மி.மீ. ஆக உயர்ந்தால் 0.92. எண் சிறுகச் சிறுக, வளைவிலும் சரிவிலும் கவிழ்வது எளிதாகும். கூரையின்மேல் மூட்டை ஏற்றினால் அது மேலும் சிறுகும். மயிலிறகு ஏற்றிய வண்டியின் கதை இதுவே.

ரிம்மும் காற்றும்

பெரிய டயர் என்றதும் பெரிய ரிம் என எண்ணுவோர் பலர். காட்டு வழிக்கு அது பொருந்தாது. மொத்த விட்டம் ஒன்றாக இருக்கையில், ரிம் சிறிதாயின் பக்கச் சுவர் உயரும். உயர்ந்த சுவரே வளைந்து கொடுத்துக் கல்லின் அடியைத் தாங்கும். ரிம் பிரேக் அமைப்பைத் தொடாத அளவு பெரிதாக இருந்தாற் போதும். ஜிம்னியின் சக்கரம் 139.7 மி.மீ. வட்டத்தில் அமைந்த ஐந்து திருகுகளாற் பூட்டப்படுவது. அவ்வட்டம் மாறினால் ரிம் பொருந்தாது. ரிம் வெளிப்புறம் மிகத் தள்ளியிருந்தால் டயர் சேற்றுக்காப்புக்கு வெளியே நீட்டி நிற்கும்; அச்சின் உருளைத் தாங்கிகளும் விரைவில் தேயும். உட்புறம் மிகத் தள்ளினால் திருப்பும்போது சட்டத்தில் உரசும்.

காற்றின் அளவும் டயரின் அளவைப் போன்றதே. ஒரு சக்கரத்தின்மேல் 300 கிலோ பளுவும், சதுர செ.மீ.க்கு 1.8 கிலோ காற்றழுத்தமும் இருந்தால், டயர் ஏறத்தாழ 167 சதுர செ.மீ. தரையைத் தொடும். அழுத்தத்தை 1.2 கிலோவாகக் குறைத்தால் 250 சதுர செ.மீ. தொடும். செலவின்றியே சக்கரம் அகன்றதாகிவிடும். சேற்றைக் கடந்ததும் மீண்டும் காற்றடைத்த பின்னரே தார்ச்சாலையில் ஏற வேண்டும். தளர்ந்த டயர் விரைந்து ஓடினால் சூடேறி வெடிக்கும்.

டயரின் மீதுள்ள ஏனைய குறிகளையும் நோக்குதல் வேண்டும். பளு எண் 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோ. நான்கு இலக்கக் குறி ஒன்று செய்த காலத்தைக் கூறும். 2324 என்பது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

எதைத் தேர்வது?

சிங்கப்பூரில் இன்று மண்பாதை அரிது. கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர்க் காட்டு வழிக்கு ஆண்டில் சில நாள் செல்வோரும் மற்ற நாளெல்லாம் தார்ச்சாலையிலேயே ஓட்டுகின்றனர். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் இத்தீவில், சேற்றுக்கென ஆழமாக வெட்டிய கட்டைகளையுடைய டயர் நனைந்த தாரில் பிடிப்புக் குறைந்தது. அத்தகையோர்க்கு 215/75ஆர்15 அளவில் இருவழிக்கும் பொதுவான டயரே தக்கது. அதற்கு வேகமானியின் பிழை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே. அடிக்கடி சேற்றிற் செல்வோர் 50 மி.மீ. உயர்த்தி 235/75ஆர்15 பூட்டலாம். பிரேக்கையும் வேகமானியையும் சீர்செய்தல் கடன். 31 அங்குலம், பற்சக்கரங்களையும் மாற்றி அமைத்தவர்க்கே உரியது. எதுவாயினும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிக்கு உட்பட்டதா, காப்புறுதி நிறுவனம் ஏற்குமா என்பவற்றை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

டயர் பூட்டிய பின் திசைமாற்றியை இருபுறமும் முற்றத் திருப்பியும், ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி வில்லை அழுத்தியும் உரசல் உண்டா எனச் சோதிக்க வேண்டும். மாற்றுச் சக்கரமும் அதே அளவினதாக இருத்தல் இன்றியமையாதது. நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியில் ஒன்று மட்டும் வேறளவாயின் பற்சக்கரங்கள் முறுக்கேறி உடையும். புறநானூற்று 102ஆம் பாடலில், உப்பு வணிகர் மேடுபள்ளத்தில் நேரக்கூடியதை எண்ணி வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதை ஔவையார் காட்டுகிறார். அவர்கள் கட்டியது அவ்வண்டிக்குப் பொருந்தும் அச்சாகவே இருந்திருக்கும்.

இக்கணக்குகளில் வட்டம், விழுக்காடு, நெம்புகோல் ஆகிய மூன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆறாம் வகுப்பு மாணவரும் செய்யக் கூடியவை. நிறுத்தியிருக்கும் வண்டியின் டயரிலுள்ள எண்ணைப் படித்து, அதன் விட்டத்தைக் கண்டு, அளவுகோலால் அளந்து ஒப்பிடச் செய்தால், பாடநூலிலுள்ள வட்டம் அவர்தம் கைக்கு எட்டியதாகும்.