பாய்க்கப்பலில் நெடுங்கடல் வாழ்க்கை

கல்முனைக் கரையில் பிறந்தவர்க்குக் கடல் புதிதன்று. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, வாடை எழும் காலமும் கச்சான் வீசும் காலமும் சிறுவரும் அறிந்தவை. ஆயினும், காலையிற் சென்று மாலையிற் கரைசேரும் தொழில் வேறு. வாரக்கணக்கில் கரையே காணாது பாய்க்கப்பலில் வாழ்வது வேறு.

அவ்வாழ்வும் தமிழ் பேசும் மக்களுக்கு அந்நியமன்று. 'சுக்கான்', 'மாலுமி' ஆகிய சொற்கள் அரபு மொழியிலிருந்து வந்தவை. மாலுமி என்பதன் மூலச்சொல் 'முஅல்லிம்', அதாவது ஆசான் எனப் பொருள்படுவது. இந்துமகா சமுத்திரத்தில் அரபு வணிகரும் தமிழரும் பழகிய பழக்கத்தை இச்சொற்கள் இன்றும் காட்டி நிற்கின்றன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையிற் கிடைக்கிறது. அங்கு வேப்பமரத்தாற் கட்டப்பெற்ற 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பலை, சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' எனப் புதுப்பெயர் பெற்ற அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐவருடன் சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொசெஸ்டர் துறையை அடைந்தது.

இத்தகைய பயணத்தில் முதற்கவலை நன்னீர். ஜிப்ரால்டரிலிருந்து பெர்மூடாத் தீவு ஏறத்தாழ 2,900 கடல்மைல். மணிக்கு 4 கடல்மைல் வீதம் இடையறாது சென்றாலும் 30 நாள் ஆகும். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் என்றால், ஆறு பேருக்கு 540 லீற்றர் வேண்டும். காற்று ஓய்ந்தால் அதுவும் போதாது. எனவே நீர் அளந்தே வழங்கப்படும். மழை பெய்தால் பாயை விரித்துப் பிடிப்பர். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் கடல்நீரில். ஆனால் தாகம் எத்துணை வாட்டினும் கடல்நீரைக் குடித்தலாகாது. அதிலுள்ள உப்பை வெளியேற்ற, குடித்த அளவினும் மிகுதியான நீர் உடலுக்குத் தேவைப்படும். தாகம் பெருகி உயிருக்கே இடராகும்.

அடுத்தது உணவு. அரிசி, பருப்பு, கருவாடு ஆகியன நெடுநாள் தாங்கும். பச்சைக் காய்கனிகள் தாங்கா. அவையின்றி நாள் பல சென்றால் பல்லீறு வீங்கிக் குருதி கசியும் நோய் வரும். எலுமிச்சையும் தோடம்பழமும் இந்நோயைத் தீர்ப்பதை 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் சோதித்துக் கண்டார்.

மூன்றாவது முறைக்காவல். கப்பலுக்கு இரவு என்று ஓய்வில்லை. ஒரு சாரார் உறங்க, மறுசாரார் சுக்கானைப் பிடித்துத் திசைகருவியையும் பாயையும் கண்காணிப்பர்; சில மணி நேரத்திற்கொரு முறை ஆள் மாறும். பகலிலோ கிழிந்த பாய் தைத்தல், தேய்ந்த கயிறு மாற்றுதல், அடியிற் கசிந்து சேரும் நீரை இறைத்தல் எனப் பணி ஓயாது. சிறு பழுதை நாளைக்கெனத் தள்ளிவைத்தவன், அதனைப் புயலின் நடுவே சரிசெய்ய நேரிடும்.

எல்லாவற்றிலும் அரியது பொறுமை. சினங்கொண்டவன் விலகிச் செல்ல அங்கே மற்றோர் இடமில்லை. ஒருவன் அயர்ந்தால் அவன் வேலையை மற்றவன் ஏற்க வேண்டும். அவன் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

இன்று நெடுங்கடற் படகுகளுக்குச் செய்மதி வழி திசை தெரிகிறது; கடல்நீரை நன்னீராக்கும் பொறியும் சிலவற்றில் உண்டு. ஆயினும் பொறி பழுதாகக் கூடியது. கல்முனைப் பகுதியிலிருந்து பல நாள் மீன்பிடிக்குச் செல்வோருக்கும் இயந்திரம் நின்று படகு காற்றோடு மிதக்கும் வேளை வரலாம். அப்போது துணை நிற்பவை அளந்து வைத்த நீரும், முறை தவறாத காவலும், உடனிருப்பவன்பால் கொண்ட பொறுமையுமே. பாய்க்கப்பல் மாலுமிகள் கைக்கொண்ட முறை இதுவே.